ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள்: நம் வக்கீல் சங்கங்கள் இதைக் கையில் எடுக்கலாமா?

மேற்குவாசல் வக்கீல் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டத்துத் தாலுகா கோர்ட் ஒன்றில் பதினான்கு வருடமாகப் பிராக்டிஸ் செய்கிறேன். ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

போன மாதம் என் கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்க மத்திய சிறைக்குப் போயிருந்தேன். பேசி முடித்துக் கிளம்பும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற இன்னொருவர், "சார், எனக்கு ஜாமீன் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க, எப்ப சார் விடுவாங்க?" என்று கேட்டார். முப்பது வயதுகூட இருக்காது. கட்டட வேலைக்கு வந்தவர். வேலை நடந்த இடத்தில் தண்ணீர் மோட்டார் காணாமல் போன வழக்கு. பெயரையும் குற்ற எண்ணையும் குறித்துக்கொண்டு வந்து மறுநாள் கோர்ட்டில் விசாரித்தேன். கைதான 16-ஆம் நாளே ஜாமீன் உத்தரவாகிவிட்டது. நான் அவரைப் பார்த்தது 58-ஆம் நாள். நடுவில் போன 42 நாளுக்கு எந்த நீதிபதியும் அவரை உள்ளே வை என்று சொல்லவில்லை.

காரணம் ஒன்றுதான். தலா பத்தாயிரம் ரூபாய்க்கு, சொத்துக்கு ஆதாரம் காட்டிப் பொறுப்பேற்கும் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். அவருடைய அம்மா வேறு மாவட்டத்தில், புறம்போக்கில் குடிசை போட்டு இருக்கிறார். அங்கே வீட்டு வரி ரசீது எப்படி வரும்? ஒரு நாள் பஸ் ஏறி, மஞ்சப்பையில் ரேஷன் கார்டையும் மகனுடைய பழைய பள்ளிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்திருக்கிறார். இது போதாதும்மா என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்ன வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த அம்மா வந்த நாளில் நானும் அதே வளாகத்தில்தான் இருந்திருப்பேன். அதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில் தினமும் முப்பது செய்தி வரும். இரங்கல், கல்யாணம், எந்தக் கோர்ட் இன்று லீவு, எந்தத் தீர்மானத்துக்கு எந்த நாள் கோர்ட் புறக்கணிப்பு. எல்லாம் தேவையான செய்திதான். ஆனால் "நம் கோர்ட்டில் ஜாமீன் உத்தரவாகி ஒரு வாரத்துக்கு மேல் வெளியே வராதவர்கள் இத்தனை பேர்" என்று ஒரு வரி இதுவரை வந்ததில்லை. அந்த எண்ணை யாராவது எண்ணியிருக்கிறோமா?

என் யோசனை இதுதான். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், சங்க அறையில் இரண்டு மூன்று வக்கீல்கள் உட்கார்ந்து இந்தப் பட்டியலை மட்டும் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் யாராவது இப்படிச் செய்கிறீர்களா? செய்தால் எப்படி என்று எழுதுங்கள்.

---

வைகை வடகரை | திங்கள், இரவு 10.25

நல்ல இழை. சட்டப்படி உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது முழுசாகத் தெரியாது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கென்றே உத்தரவு போட்டிருக்கிறது. ஜாமீன் கொடுத்தால் உத்தரவின் மென்பிரதி அன்றே, இல்லையென்றால் மறுநாள், மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவிக்கான மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ஒரு சட்டத் தன்னார்வலரையோ சிறைக்குப் போகும் வக்கீலையோ அனுப்பலாம். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால், யாரும் மனு போடாவிட்டாலும் கோர்ட்டே எடுத்து நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். "வெளியே விட்டால் நானே போய் ஜாமீன்தாரரைக் கூட்டி வருகிறேன்" என்று கைதி கேட்டால் குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிக ஜாமீனும் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதுதான் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றும் அதிலேயே இருக்கிறது.

இது புது ஞானமும் இல்லை. 1978-இல் மோதிராம் வழக்கு. அவரும் ஒரு கொத்தனார்தான். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவருடைய கையெழுத்திலேயே, விடச் சொன்னார். உங்கள் மோட்டார் வழக்கைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. வேலை, தொகை, வேறு மாவட்டம், மூன்றும் அப்படியே இருக்கிறது.

ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்தால் இன்னும் எளிது. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியவில்லை என்றாலே அவரை ஏழை என்று அனுமானித்து சொந்த ஜாமீனில் விட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 436, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 478. உங்கள் வழக்கு அதில் வராது, திருட்டு என்பதால். ஆனால் சங்கப் பட்டியலில் வரும் சிலருக்கு இது பொருந்தும், கவனமாகப் பாருங்கள்.

---

பழைய கட்டு | செவ்வாய், காலை 7.10

தம்பி மேற்குவாசலுக்கு. நீங்கள் சொன்ன அம்மாவின் கதை வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் புறக்கணிப்புச் செய்தியை இரங்கல் செய்தியோடு சேர்த்து ஒரே மூட்டையில் கட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் 34 வருடமாக இந்தக் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறேன். சங்கம் தெருவில் இறங்கியதால் கிடைத்தவை இருக்கின்றன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2004 ஜூலை 24-இல் திறந்தது என்றால் அது யாரோ தட்டில் வைத்துக் கொடுத்தது இல்லை. அதற்கு முன்னால் நாகர்கோவிலில் இருந்து ஒரு ரிட் மனுவுக்குச் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறிய கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். 2009 பிப்ரவரி 19-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் வக்கீல்கள் தடியடி பட்டார்கள். 2024-இல் மூன்று குற்றவியல் சட்டத்தையும் நம் மக்களுக்கு வாயில் நுழையாத பெயரில் கொண்டுவந்தபோது எதிர்த்துக் கேட்டதும் நாம்தான். 2025 பிப்ரவரியில் வக்கீல்கள் சட்டத் திருத்த வரைவை ஒன்றிய அரசு திரும்பப் பெற்றதும் போராட்டத்தால்தான். இதுவும் சமூகப் பணிதான், மறக்க வேண்டாம்.

இன்னொன்று. சட்ட உதவி கொடுப்பது அரசின் கடமை. அரசியல் சட்டம் 39-ஏ அதைத்தான் சொல்கிறது. அரசு செய்ய வேண்டியதை வக்கீல் இலவசமாகச் செய்துகொண்டே போனால் அரசு கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்.

---

மூன்றாம் வருட ஜூனியர் | செவ்வாய், மதியம் 1.35

ஐயாவுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். போராட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் புறக்கணிப்பு நாளில் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் 61-ஆம் நாள் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. போலீஸ் தாக்கல் செய்வதற்கு முன்னால் மனு போட்டாக வேண்டும். ஒரு நாள் தவறினால் அந்த உரிமையே போய்விடும். எனக்குத் தெரிந்த வழக்கு ஒன்றில் 61-ஆம் நாள் புறக்கணிப்பு. சீனியர் போகக்கூடாது என்றார். மறுநாள் காலையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. அந்தப் பையன் அதற்கப்புறம் ஐந்து வாரம் உள்ளே இருந்தான்.

ஹரிஷ் உப்பல் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதை இங்கே விவாதிக்க வரவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். எந்தப் புறக்கணிப்புத் தீர்மானம் போட்டாலும் அடியில் ஒரு வரி சேர்க்கலாமே: "ரிமாண்ட், ஜாமீன் மனு, ஜாமீன்தாரர் தாக்கல் ஆகியவற்றுக்கு விலக்கு." போராட்டத்தின் வலு இதனால் குறையாது.

அப்புறம் இன்னொரு கவலை. வாரம் ஒரு மணி நேரம் என்று தீர்மானம் போடுவார்கள் சீனியர்கள், அலைவது ஜூனியர்களாக இருக்கும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொன்னது. எங்கள் ஊரில் அந்தத் தொகையை வாங்கும் ஒருவரைக் காட்டுங்கள். பஸ் செலவுக்கே கணக்குப் பார்க்கிற ஆளிடம் சிறைக்குப் போய் வா என்றால், மனசு இருந்தாலும் கால் வராது. நான் செய்யத் தயார். பஸ் காசு சங்க நிதியில் இருந்து வரட்டும்.

---

மேற்குவாசல் வக்கீல் | செவ்வாய், மாலை 6.50

பழைய கட்டு ஐயா, நீங்கள் சொன்னது சரி, போராட்டத்தை இரங்கல் செய்தியோடு வைத்தது என் தவறு. மதுரைக் கிளை இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலில் இந்த ஊரில் நிலைத்திருக்கவே மாட்டேன். ஆனால் அரசின் கடமை என்று விட்டுவிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 42 நாள் கழிந்தது அரசுக்கு இல்லை, அந்தப் பையனுக்கு.

ஜூனியர் சொன்ன இரண்டும் நியாயம். விலக்கு வரியையும் பஸ் காசையும் நான் பொதுக்குழுவில் வைக்கிறேன்.

---

குமாஸ்தா, கொங்கு | செவ்வாய், இரவு 8.15

வக்கீல்கள் பேசுகிற இடத்தில் குமாஸ்தா நுழைவதற்கு மன்னிக்கவும். இருபது வருடமாக ஜாமீன்தாரர் பேப்பர் கட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

ஆள் வெளியே வராததற்குப் பாதிக் காரணம் பணம் இல்லை, பேப்பர். ஆதாரில் முகவரி ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. வரி ரசீது செத்துப்போன தாத்தா பேரில். போட்டோ ஒன்றுதான் கொண்டு வந்திருப்பார்கள். ஒரு வேலைநாள் கூலியை விட்டு வந்தவரை நாளைக்கு வா என்றால் இரண்டாம் நாள் வருவார், மூன்றாம் நாள் வரமாட்டார். ஜாமீன் உத்தரவு இங்கிலீஷில் இருக்கும், அந்தக் குடும்பத்தில் படிக்க ஆள் இருக்காது.

நாங்கள் எங்கள் ஆபீசில் அரைத் தாளில் தமிழில் ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறோம். எந்தக் கோர்ட், எத்தனை பேர், எவ்வளவு தொகை, என்னென்ன பேப்பர், எத்தனை போட்டோ, எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த ஜன்னலில் கேட்க வேண்டும். அடியில், வெளியே வந்தபிறகு எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்குக் கண்டிஷன் கையெழுத்து போட வேண்டும் என்பது. இந்தச் சீட்டைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே நடையில் வேலை முடிகிறது. ஜாமீன் உத்தரவான அன்றே கொடுக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

---

அக்காவாக எழுதுகிறேன் | செவ்வாய், இரவு 11.05

நான் வக்கீல் இல்லை. என் தம்பி மூன்று வருடம் முன்னால் ஒரு அடிதடி வழக்கில் 31 நாள் உள்ளே இருந்தான். ஜாமீன் கிடைத்தது எங்களுக்குத் தெரிய நாலு நாள் ஆனது. அப்புறம் கோர்ட் வாசலில் ஒருவர் வந்து, ஆளுக்கு மூவாயிரம் கொடுத்தால் நானே ஜாமீன்தாரர் ஏற்பாடு செய்கிறேன் என்றார். தோட்டை அடகு வைத்துக் கொடுத்தேன். வந்தவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அந்தப் பேப்பர் போலி என்று தெரிந்தால் என் தம்பி மீண்டும் உள்ளே போவானோ என்று ஒரு வருடம் பயந்துகொண்டே இருந்தேன்.

சட்ட உதவி மையம் என்று ஒன்று அதே கட்டடத்தில் இருக்கிறது, ஜெயிலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசம் என்று எனக்கு எல்லாம் முடிந்தபிறகுதான் தெரியும். சங்கத்துக்காரர்கள் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தாலே போதும், நாங்கள் வந்து கேட்போம்.

---

தன்னார்வலர், புதுக்கோட்டைப் பக்கம் | புதன், காலை 9.20

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வந்தேன். நான் சட்டத் தன்னார்வலராக ஐந்து வருடம் வேலை செய்கிறேன். யாருக்காவது உடனே தேவைப்பட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12-இல் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு.

ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டம் ஒன்று 2023-இல் வந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரை, மாவட்டக் குழு பார்த்து ஒப்புதல் தரலாம் என்று 2023 விதியில் இருந்தது. ஆனால் பணம் வந்தாலும் ஜாமீன்தாரராக நிற்க மனுஷன் வேண்டும் என்றால் அந்தத் திட்டம் பாதிதான் உதவும். அதனால் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போடுவதுதான் முதல் வேலை. அதை எங்களால் செய்ய முடியாது, வக்கீல்தான் செய்ய வேண்டும். சங்கம் எங்களோடு சேர்ந்தால் நாங்கள் குடும்பத்தைத் தேடிப் பிடிப்போம், நீங்கள் மனு போடுங்கள்.

---

வைகை வடகரை | புதன், காலை 11.00

ஆர்வத்தில் யாரும் வழுக்கிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு எச்சரிக்கை.

ஒன்று: இரக்கப்பட்டு வக்கீலே ஜாமீன்தாரராக நிற்கக் கூடாது. தன் கட்சிக்காரருக்கு ஜாமீன்தாரராக நிற்பதையும், ஒரு ஜாமீன்தாரர் வசதியானவர் என்று சான்று தருவதையும் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அக்கா சொன்ன வாசல் புரோக்கரோடு நம் பெயர் எந்த வகையிலும் ஒட்டக் கூடாது.

இரண்டு: ஃபிளெக்ஸ். தயவுசெய்து வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு சட்ட விழிப்புணர்வு முகாமில் பதினோரு வக்கீல்களின் படம், செல் எண்ணோடு. பார் கவுன்சில் விதி 36-இன்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. முகாமில் சந்தித்த ஏழையை மறுநாள் ஆபீசுக்கு வரவழைத்து ஃபீஸ் பேசுவதும் இதே கதைதான். மேஜையில் சங்கத்தின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

---

பாலாற்றுப் பக்கம் | புதன், மதியம் 2.45

விளம்பரம் கூடாது, சரி. ஆனால் ஒரு கேள்வி. ஏழைக் குற்றவாளிக் கூண்டுக்காரர்களுக்கு ஆணைக்குழுவே வக்கீல் வைத்து வாதாட 2022-இல் வந்த சட்ட உதவி எதிர்வாத வக்கீல் முறை நடக்கும் மாவட்டங்களில் முழுநேரச் சம்பளத்தில் ஆள் இருக்கிறார்களே, அவர்கள் வேலையில் சங்கம் நுழைவதாக ஆகாதா? ஏற்கெனவே ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் பேனல் வக்கீல்கள் தங்களுக்கு வழக்கு வருவதில்லை என்று வருத்தத்தில் இருக்கிறார்கள்.

---

மேற்குவாசல் வக்கீல் | புதன், இரவு 9.15

நுழைவதாக ஆகாது என்று நினைக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் அவர்கள் இருப்பது மாவட்டத் தலைநகரில். தாலுகா கோர்ட்டில் ஜாமீன் உத்தரவான ஆளை அவர்கள் தேடி வருவதற்குள் நாளாகிவிடும். வழக்கை நாம் எடுக்கப் போவதில்லை. பட்டியல், சீட்டு, தளர்த்தும் மனு, அவ்வளவுதான். ஏற்கெனவே வக்காலத்து போட்ட வக்கீல் இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வோம். பொதுக்குழு வெள்ளிக்கிழமை. நடந்ததை வந்து எழுதுகிறேன்.

---

பழைய கட்டு | வியாழன், காலை 6.55

ஜூனியர் எழுதிய 61-ஆம் நாள் விஷயம் ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. விலக்கு வரி நியாயமானது. எங்கள் சங்கத்திலும் அதை நானே முன்மொழிகிறேன். அரசை விடக் கூடாது என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. எத்தனை பேர், எத்தனை நாள் என்று மாதாமாதம் எண்ணி, மாவட்ட நீதிபதிக்கும் ஆணைக்குழுவுக்கும் சங்கத்தின் கடிதமாக அனுப்புங்கள். எண்ணோடு போகும் கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

---

மேற்குவாசல் வக்கீல் | ஆறு வாரம் கழித்து, சனி, மாலை 5.30

எல்லோரும் கேட்டதால் எழுதுகிறேன்.

பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் விவாதம். விலக்கு வரி நிறைவேறியது. பஸ் காசு மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள். ஐயா சொன்ன கடிதமும் முதல் மாதத்துக்குப் போய்விட்டது.

ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டு வாங்கிய முதல் பட்டியலில் எங்கள் தாலுகா வழக்குகளில் ஏழு பேர். இருவருக்கு ஜாமீன் ஆனது வீட்டுக்கே தெரியாது. தன்னார்வலர் ஒருவர் போய்ச் சொன்னார், குமாஸ்தா அண்ணன் மாதிரிச் சீட்டும் கொடுத்தோம், அந்த வாரமே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு வேறு வழக்கில் ரிமாண்ட் இருந்ததால் அது தனி வேலை. மூவருக்குத் தளர்த்தும் மனு போட்டோம். ஒன்றை நீதிபதி தள்ளுபடி செய்தார், முன்பு ஜாமீனில் போய்த் தலைமறைவான ஆள் என்பதால். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஏழாமவர் அந்தக் கட்டடத் தொழிலாளி. அவருக்கு நான் இழை தொடங்கிய வாரமே மனு போட்டிருந்தேன். சொந்த ஜாமீனில் விட உத்தரவானது. மொத்தம் 71 நாள் உள்ளே இருந்திருக்கிறார். அம்மா மறுபடி பஸ் ஏறி வந்திருந்தார், அதே மஞ்சப்பை. இந்த முறை உள்ளே மகனுக்கு ஒரு சட்டையும் வேட்டியும் இருந்தது.

இந்த வாரப் பட்டியலில் நாலு பேர். ஒருவர் ஒடிசாவில் இருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவர். தமிழ் துளியும் தெரியவில்லை, இந்தியும் அவ்வளவாக வரவில்லை. ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட அவரிடம் கேட்க முடியவில்லை. ஒடியா பேசத் தெரிந்த யாராவது இந்த இழையில் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வியாழக்கிழமை சிறைக்குப் போகிறோம்.